பழைய பாட்டில்: விலை பேசும் முன் கேட்க வேண்டிய படங்கள்

பழங்காலக் கண்ணாடி பாட்டிலை இணையத்தில் விற்பவர்கள் முகப்பைத்தான் அழகாகக் காட்டுவார்கள். வயதும் குறையும் தெரிவது வாயிலும் அடியிலும்தான். அதனால் விலை பேசும் முன்பே நான் மூன்று படங்கள் கேட்டுவிடுவேன்: வாய்ப்பகுதி நெருக்கமாக, அடிப்பாகம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த முழு பாட்டில்.

வாயில் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் ஏறிவரும் அச்சுக்கோடு, அதாவது அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் கண்ணாடியில் விழும் கோடு. அது கழுத்திலேயே மறைந்தால் உதட்டைக் கையால் செய்து முடித்திருக்கிறார்கள். உதட்டின் மேல்விளிம்பு வரை ஓடினால் பெரும்பாலும் இயந்திரத் தயாரிப்பு. மைக்கேல் ஓவன்ஸின் முழுத் தானியங்கி இயந்திரம் 1903இல்தான் வந்தது. ஆகவே அப்படிக் கோடு ஓடும் பாட்டிலை ஒருவர் ‘1850’ என்று விற்றால் விட்டுவிடுங்கள். (வாயை அரைத்துச் சமன் செய்த பழைய ஜாடிகள் மட்டும் விதிவிலக்கு, அவற்றிலும் கோடு மேலே வரை வரும்.)

அடியில் சொரசொரப்பான வட்டத் தழும்பு இருந்தால், வாயைச் செய்யும்போது இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்த இடம் அது. 1860களுக்குப் பிறகு இந்த முறை குறைந்துவிட்டது. ஆனால் நகல் செய்பவர்களும் அந்தத் தழும்பை வைப்பார்கள். எனக்கு அதைவிடத் தேய்மானம்தான் முக்கியம். உண்மையாகப் புழங்கிய பாட்டிலில், தரையில் படும் விளிம்பில் மட்டும் கீறல்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கும். ஒரே திசையில் வரிவரியாக இருந்தால் உப்புத்தாள் வேலை என்று சந்தேகப்படுங்கள். வடிவத்தை வைத்து வயது சொல்லவே கூடாது. ஹிராம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற கோலி சோடா பாட்டில் இன்றும் தயாராகிறது.

அடர்ந்த ஊதா நிறம் என்றால் நான் வாங்குவதில்லை. மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடி வெயிலில் மெதுவாக இளம் ஊதாவாக மாறும். திராட்சை நிறம் அளவுக்கு அடர்ந்திருந்தால் பெரும்பாலும் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள். பாட்டில் பழசாகவே இருக்கலாம், நிறம் புதுசு. நூறாண்டு தாங்கி வந்த பொருளை இப்படிச் செய்வது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படத்தில் விரிசல் பளிச்சென்று மின்னும். உள்ளே படிந்த மங்கலும் தெரியும். உட்புறம் நன்றாக உலர்ந்திருக்கும்போது எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீரோ எண்ணெயோ இருந்தால் மங்கல் மறைந்துவிடும்.

அப்புறம், விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: “விரிசல், சில்லு, மங்கல், ஒட்டிய இடம் ஏதாவது உண்டா?” ‘வயதுக்கு ஏற்ற நிலை’ என்பது இதற்குப் பதில் ஆகாது. ஒருவரிடம் அடிப்பாகம் கேட்டேன். முகப்பையே வேறு வேறு கோணத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார். விடாமல் கேட்டதும் வந்த படத்தில் அடியிலிருந்து நட்சத்திரம் போல விரிசல். பாட்டில் அவர் கையில்தான் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், அன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேட்கலாம். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.

பெட்டிக்குள் பெட்டி வைத்து, இடைவெளியை நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் முகவரிச் சீட்டு தெரியும்படி, பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். உடனே சுடுநீரில் கழுவ வேண்டாம், பழைய கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும்.