அப்பாவுக்கு வழி தெரியவில்லையா? நாம் செய்கிற தவறுகள்

சொந்த ஊரிலிருந்து அப்பா அம்மாவை மும்பைக்கு அழைத்து வருகிற வீடுகளில் கொஞ்ச நாளிலேயே இந்தப் பேச்சு வந்துவிடும்: "பக்கத்து மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வரத் தெரியவில்லை, அப்பாவுக்கு ஞாபகமே போச்சு." தயவுசெய்து அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள். வயதாகும்போது முக்கியமாகத் தளர்வது புது இடத்தைப் பழகிக்கொள்ளும் திறன்தான். பல வருஷம் நடந்த பாதைகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மாட்டுங்காவில் காலம் கழித்த ஒருவர் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஆஸ்திக சமாஜம் கோயிலுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவார், அவரையே முலுண்டில் எல்லா விங்கும் (கட்டிடப் பிரிவும்) ஒரே மாதிரி நிற்கிற காம்ப்ளெக்ஸில் குடிவைத்தால் லிஃப்ட்டை விட்டு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் கேட் என்று தடுமாறுவார்.

இடத்தை மனதில் படமாகப் பதிகிற வேலை மூளையின் ஹிப்போகாம்பஸ், அதை ஒட்டிய என்டோரைனல் கார்டெக்ஸ் இரண்டிலும் நடக்கிறது. இதற்கான செல்களைக் கண்டறிந்த ஜான் ஓகீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. வயதாக ஆக இந்தப் படம் மங்குவதால், "மெடிக்கல் ஷாப் வந்ததும் இடது பக்கம்" என்று வரிசையாக மனப்பாடம் செய்து நடப்பது அதிகமாகும். வரிசையில் ஒன்று மாறினால் போச்சு. 2023 டிசம்பரில் தாதர் ஸ்டேஷனில் மத்திய ரயில்வே பக்கத்து பிளாட்ஃபார்ம்களுக்கு 8-லிருந்து எண் போட்டார்களே, ஒன்றாம் எண் என்றே பழகிய பெரியவருக்கு அது சின்ன விஷயமில்லை.

போகிற வழியை மட்டும் காட்டிவிட்டு வருகிற வழி தானாக வந்துவிடும் என்று நினைப்பதுதான் நாம் அதிகம் செய்கிற தவறு. சோதனைகளில், ஒரே திசையில் திரும்பத் திரும்பப் போவதைவிட அதே பாதையில் திரும்பி வருவதில்தான் முதியவர்கள் அதிகம் சிரமப்பட்டார்கள். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள், வரும்போது அந்த இடம் எப்படித் தெரியும் என்று காட்டுங்கள். அப்புறம் அவரை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் போங்கள். ஆட்டோவில் உட்கார வைத்து நாலு தடவை கூட்டிப் போனாலும், கையில் கூகுள் மேப்பைக் கொடுத்து அம்புக்குறியைப் பார்த்து நடக்கச் சொன்னாலும் பாதை மனதில் சரியாகப் பதியாது. அடையாளமாக வடாபாவ் வண்டியையோ கடை போர்டையோ சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் நீலத் தார்ப்பாய் கட்டினால் பாதிக் கடை முகப்பு மறைந்துவிடும். கோயில், அரசமரம், போலீஸ் ஸ்டேஷன் என்று இடம் மாறாததைச் சொல்லுங்கள்.

பயந்துபோய் வெளியே விடாமல் இருப்பது இன்னும் மோசம். 2011-இல் வந்த ஓர் ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதிப் பேரை ஒரு வருஷம் வேகநடை நடக்க வைத்தார்கள். அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானது, நடக்காத குழுவில் சுருங்கியது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பல வருஷம் பழகிய வழியிலேயே ஒருவர் தொலைந்து நின்றால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடக்கூடாது, அல்சைமர் நோய் முதலில் தாக்குகிற பகுதிகளில் அந்த என்டோரைனல் கார்டெக்ஸும் ஒன்று. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் சிறுநீர்த் தொற்றோ புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரையோ காரணமாக இருக்கலாம், அதற்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். கண், காது, வைட்டமின் பி12, தைராய்டு எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, இந்தி தெரியாத நம் பெரியவர்களுக்கு வழி கேட்கவே வாய் வராது, பாதித் தவிப்பு அதனால்தான். சட்டைப் பையிலோ பர்ஸிலோ ஒரு அட்டை வைத்துவிடுங்கள்: கட்டிடத்தின் பெயர், விங், எந்த ஸ்டேஷன், அதற்கு ஈஸ்ட் பக்கமா வெஸ்ட் பக்கமா, உங்கள் ஃபோன் நம்பர், எல்லாம் மராத்தியிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில். முதியோர் உதவி எண் 14567-ஐயும் அதில் எழுதுங்கள்.