வாட்ஸ்அப் குழுவைக் கிராம சபைக்கு அழைத்துப் போவது எப்படி

கண்மாய் வரத்து வாய்க்காலில் கோழிக்கழிவு கிடக்கும் படத்தை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அரை மணி நேரத்தில் கோபமுகங்கள் வரிசை கட்டும். அந்தக் கோபம் பொய்யில்லை. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறதே, ஊர்ப்பாசம் இல்லாமலா? ஆனால் அதற்கு ஓர் இடமும் தேதியும் காட்டாவிட்டால், மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும்.

2017 ஜனவரியில் மெரினாவில் அத்தனை பேர் சேர்ந்ததற்குக் கைப்பேசிதான் காரணம் என்பார்கள். அது பாதிதான். எங்கே வருவது, என்ன கேட்பது என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. 17ஆம் தேதி உட்கார்ந்தார்கள், 21ஆம் தேதி ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் வந்தது. அடுத்த மாதமே எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே உட்கார்ந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் செய்தி பார்த்து வந்து சேர்ந்துகொள்ள அங்கே ஒரு பந்தல் இருந்தது.

ஊர்ப் பிரச்சினைக்கு அந்தப் பந்தல், ஊர் வாக்காளர்கள் கூடித் தீர்மானம் போடும் கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தேதிகள் தயாராகவே இருக்கின்றன. ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் கோரிக்கையை ஒரே வாக்கியமாக்குங்கள். 'கண்மாயைக் காப்போம்' என்பது ஸ்டேட்டஸுக்கு ஆகும், தீர்மானத்துக்கு ஆகாது. 'இன்ன சர்வே எண்ணில் உள்ள வரத்து வாய்க்காலை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, தூர்வார வேண்டும்' என்று எழுதுங்கள். சர்வே எண் தெரியாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். பிறகு அதை மனுவாக்கி, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லி ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஆள் கணக்கு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, நிறையும். அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் கணக்கு.

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் நின்றுவிடுகின்றன. 'யார் யார் வரீங்க?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கட்டைவிரல் வரும், ஆள் வராது. தனித்தனியாகக் கேளுங்கள்: "அக்கா, தெற்குத் தெருவுல உங்க பக்கத்து நாலு வீட்டுக்கு நீங்க சொல்லிடுறீங்களா?" பெயர் சொல்லி, அளவான வேலை ஒன்றைக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார்களை கோபமுகம் போடும் வேலையில் விட்டுவிடாதீர்கள். அவர்கள் வீட்டுக்குப் பேசட்டும். "அம்மா, பதினஞ்சாம் தேதி கிராம சபைக்குப் போயிட்டு, முடிஞ்சதும் எனக்குப் போன் பண்ணு" என்று மகன் சொன்னால், நோட்டீஸ் ஒட்டி வராத அம்மாக்களும் வருவார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் எங்கள் சபையின் பலம். வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று மண்வெட்டி பிடித்த அவர்களுக்குத்தான் தெரியும், அவர்களையே பேச விடுங்கள்.

அன்றைக்கு ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டும் வரை யாரும் எழ வேண்டாம். நல்ல கையெழுத்துள்ள ஒரு பிள்ளை அருகில் உட்கார்ந்து வாசகத்தைச் சரிபார்க்கட்டும்.

அப்புறம் தீர்மான நகலைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகலையும் எடுத்த நடவடிக்கையின் விவரத்தையும் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். தபால் ரசீதைப் படம் பிடித்துக் குழுவில் போடுங்கள், கெடு முடியும் தேதியையும் கீழே எழுதி மேலே பின் செய்து வையுங்கள்.