ஃப்ரெஞ்ச் தொழிலாளி படங்கள் பாக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

ஃப்ரெஞ்ச்ல தொழிலாளிங்க படம்னு பேச்சு வந்தாலே முதல் ஆளா 'ரோசெட்டா'வைத்தான் சொல்றாங்க, அருமையான படம்தான், ஆனா அதை எடுத்த டார்டென் பிரதர்ஸ் பெல்ஜியம்காரங்க, பேசுற மொழி மட்டும்தான் ஃப்ரெஞ்ச். சரி, இது சின்ன தப்பு, விட்ருவோம்.

பெரிய தப்பு, அழுகை எவ்ளோ இருக்கோ அவ்ளோ ரியலிசம்னு நினைக்கிறது. அப்படி உக்காந்தா ஸ்டெஃபான் ப்ரிஸேவோட 'தி மெஷர் ஆஃப் எ மேன்' (2015) கண்டிப்பா போரடிக்கும். வேலை போன தியரிங்கிற ஆளு, படம் ஆரம்பிச்சதும் வேலைவாய்ப்பு ஆஃபீஸ்ல வாதாடிட்டு இருப்பான், கிரேன் ஓட்ட ட்ரெய்னிங் எடுத்தாச்சு, ஆனா சைட் அனுபவம் இல்லாதவனை எவனும் சேத்துக்க மாட்டேங்குறான், இது முன்னாடியே தெரிஞ்சா ஏன் அனுப்பினீங்கன்னு. அப்புறம் ஸ்கைப்ல ஒரு இன்டர்வியூ, இன்னும் கம்மி சம்பளத்துக்கு வருவீங்களான்னு கேட்டுட்டு உங்களுக்கு சான்ஸ் ரொம்ப கம்மின்னும் சொல்லிருவாங்க. கடைசில சூப்பர் மார்க்கெட்ல செக்யூரிட்டி வேலை, தள்ளுபடி கூப்பனை எடுத்து வச்சுக்கிட்ட கேஷியரை மாட்டிவிடுற வேலையும் அதுல சேர்த்தி. யாரும் கத்துறதில்ல, எல்லாரும் மரியாதையாத்தான் பேசுறாங்க, அதுதான் வயித்தைப் பிசையும்.

அந்தப் படத்துல தியரியா நடிச்ச வின்சென்ட் லிண்டன் தவிர பெரும்பாலும் தொழில்முறை நடிகர்கள் இல்ல. உடனே அப்போ கிட்டத்தட்ட டாக்குமென்டரின்னு எழுதிடறாங்க, அதுவும் தப்பு. லோரான் கான்டேவோட 'ஹ்யூமன் ரிசோர்சஸ்' (1999) எடுத்துக்கோங்க, நிஜ ஃபேக்டரில ஷூட் பண்ணது, அப்பாவா வர்றவரும் தொழில்முறை நடிகர் இல்ல. ஆனா பாரிஸ்ல படிச்ச பையன், வாரத்துக்கு 35 மணி நேர வேலைங்கிற புது சட்டம் வர்ற நேரத்துல, அப்பா வேலை செய்ற ஃபேக்டரிக்கே ட்ரெய்னியா வந்து, ஆள் குறைக்கிற லிஸ்ட்ல அப்பா பேரையே பாக்குறான்னா அது யோசிச்சு யோசிச்சு போட்ட முடிச்சு, தானா நடக்காது. இடமும் ஆளும் நிஜமா இருக்குறதால அந்த முடிச்சு நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்.

நியூ வேவ்னு சொல்ற 1950-60கள் ஃப்ரெஞ்ச் புது அலைப் படங்கள்ல தொழிலாளியைத் தேடறதும் வீண், அதுல முக்கால்வாசி பாரிஸ் இளசுங்கதான். அதுக்கு முன்னாடி போங்க, டைரக்டர் ரெனுவா 1935-லயே 'டோனி'யை தெற்கு ஃப்ரான்ஸ்ல இருக்குற மார்டீக் பக்கம் நேர்ல போய் எடுத்தாரு, கதையே இத்தாலி, ஸ்பெயின்ல இருந்து பிழைக்க வந்தவங்களப் பத்தித்தான். அதனால 'அகதி படம்', 'தொழிலாளி படம்'னு தனித்தனியா பிரிச்சு வைக்காதீங்க. 2024-ல வந்த 'சுலைமானோட கதை'ல சைக்கிள்ல சாப்பாடு டெலிவரி பண்ற கினி நாட்டுப் பையனும் பாரிஸ் தொழிலாளிதான். நம்ம எழுத்தாளர் ஷோபாசக்தி இலங்கைத் தமிழ் அகதியா நடிச்ச 'தீபன்' கூட அப்படித்தான், அபார்ட்மென்ட் காவக்காரரா கூட்டிப் பெருக்கிட்டு இருக்குற பகுதி பிரமாதம், ஆனா துப்பாக்கி தூக்குற அந்த க்ளைமாக்ஸையும் ரியலிசம் கணக்குல சேக்குறதுக்கு எனக்கு மனசு வரல, கான் திரைப்பட விழால பெரிய விருதே வாங்கியிருந்தாலும்.