சார்புத் தோல்வியின் வேரைக் கண்டறிய
டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், தொகுப்புகளைச் சிக்கலின்றி நிறுவவும் நீக்கவும் முடிகிறதா என்று பார்க்கும் பியுபார்ட்ஸ் சோதனையில் உங்கள் மென்பொருள் தொகுப்பு ‘டிபென்டென்சி-ஃபெயில்ட்-டெஸ்டிங்’ நிலையில் நின்றால், அது சோதிக்கப்படவே இல்லை என்று பொருள். தோற்றது அது சார்ந்திருக்கும் வேறொரு தொகுப்பு என்பதால், உங்கள் நிரலைக் கிளறாமல் சார்புச் சங்கிலியின் அடிக்கண்ணி வரை சென்று அதன் லாகை, அதாவது சோதனைப் பதிவை, படியுங்கள்.

நிறுவலே முறிந்திருந்தால் தொகுப்புகளை நிறுவும் கருவியான ஆப்ட் தரும் வாசகத்தைக் கூர்ந்து பாருங்கள். ‘நாட் இன்ஸ்டாலபிள்’ என்றால் அந்தப் பெயரில் நிறுவத்தக்க தொகுப்பு களஞ்சியத்தில் இல்லை. ‘நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்ட்’ என்பதோ ஏமாற்றும் செய்தி. தொகுப்பு இருக்கிறது, ஆனால் பதிப்பு முரணோ மோதலோ பெரும்பாலும் அதற்கும் கீழே ஒளிந்திருக்கும். அப்போது சுட்டப்பட்ட தொகுப்பின் பெயரையும் அதே ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையில் சேர்த்து மீண்டும் இயக்கினால் அடுத்த அடுக்கு வெளிப்படும். குற்றவாளி அகப்படும்வரை இதையே தொடரலாம். சிமுலேட் விருப்பத்தைச் சேர்த்துக்கொண்டால் எதுவும் உண்மையில் நிறுவப்படாது.