கறுப்பு மட்டும் போதும்: சூலாஜ் பாணியில் ஒரு சின்னப் பலகை செய்வது எப்படி

பிரெஞ்சு ஓவியர் பியர் சூலாஜின் கறுப்பு ஓவியங்களைப் போனில் மட்டும் பார்த்தவர்கள் "ஒரு டப்பா கறுப்பை வாங்கிப் பூசினால் ஆச்சு, இதில் என்ன பெரிய விஷயம்" என்பார்கள். அவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு சின்னப் பலகையை நாமே செய்து சுவரில் மாட்டி, காலையில் ஒருமுறை, இரவு விளக்கு போட்ட பிறகு ஒருமுறை பார்க்கச் சொன்னால் போதும். அதைத்தான் இங்கே செய்யப் போகிறோம். படம் வரையத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். தென் பிரான்சில் ரொதெஸ் என்ற ஊரில் 1919-ல் பிறந்தவர், 2022-ல் தன் 102-வது வயதில் மறைந்தார். ஆரம்பத்தில் வால்நட் காயின் தோலிலிருந்து எடுக்கும் பழுப்புச் சாயத்தை வைத்துக் காகிதத்தில் பட்டை பட்டையாக வரைந்துகொண்டிருந்தவர். 1979 ஜனவரியில் ஒரு கேன்வாஸோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டி, எங்கே பார்த்தாலும் கறுப்பு அப்பிக்கொண்டு, இது தேறாது என்று விட்டுவிட்டுத் தூங்கப் போனாராம். எழுந்து வந்து பார்த்தபோதுதான் கறுப்பின் மேட்டிலும் பள்ளத்திலும் பட்டுத் திரும்பும் வெளிச்சமே படமாகியிருப்பது புரிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் இதே வேலைதான்.

ஆகவே, நாம் பூசுவது கறுப்பு என்றாலும் தீர்மானிக்க வேண்டியது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை. பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே பலகையை எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். அந்தச் சுவருக்கு ஜன்னல் இடப்பக்கமா வலப்பக்கமா, இரவில் எரிவது மேலிருந்து வரும் விளக்கா பக்கவாட்டு டியூப்லைட்டா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே ஜன்னல் இருக்கும் சுவர் வேண்டாம். அங்கே மேடு பள்ளம் எல்லாம் மட்டமாகிவிடும், உங்கள் முகம்தான் பளபளவென்று தெரியும்.

என்னென்ன வேண்டும்

30×40 செ.மீ. எம்.டி.எஃப். பலகை. கேன்வாஸ் வேண்டாம், தடம் விழ அழுத்தி இழுக்கும்போது அது உள்வாங்கும், பட்டை சீராக வராது. பலகைக்கு இரண்டு கை அக்ரிலிக் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள்.

தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்டில், மார்ஸ் பிளாக் என்ற கறுப்பை வாங்குங்கள். இரும்பு ஆக்சைடில் செய்தது, அடியில் இருப்பதை நன்றாக மறைக்கும். ஐவரி பிளாக் அழகுதான், ஆனால் கொஞ்சம் ஊடுருவித் தெரியும். கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்ட் வேண்டவே வேண்டாம், வெளிச்சத்தை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். இரும்புக் கதவுக்கு அடிக்கும் எனாமலும் சரிப்படாது, தடிமனாகப் போட்டால் மேல் தோல் மட்டும் காய்ந்து சுருங்கும். ஆயில் கலர்? சூலாஜ் பல வருடம் ஆயிலில்தான் செய்தார், 2004 வாக்கில்தான் அக்ரிலிக்குக்கு வந்தார். ஆனால் இந்தத் தடிமனில் ஆயில் உள்ளே வரை காய மாதக்கணக்கில் ஆகும், முதல் பலகைக்கு அந்தப் பொறுமை யாருக்கும் இருக்காது.

பெயிண்டை மட்டும் தடிமனாகப் போட்டால் செலவு எகிறும், வெடிக்கவும் செய்யும். அதனால் கெட்டியான, பளபளப்பான அக்ரிலிக் ஜெல் வேண்டும். மூன்று பங்கு ஜெல்லுக்கு ஒரு பங்கு கறுப்பு. அளவு கணக்கு எளிது: 30×40 என்றால் 1200 சதுர செ.மீ., அதில் 2 மி.மீ. தடிமனுக்கு 240 மி.லி. கலவை தேவை. கொஞ்சம் கூடுதலாகவே கலந்து வையுங்கள், பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் நிறம் ஒட்டாது. ஜெல் ஈரத்தில் பால் வெள்ளையாக இருக்கும், அதனால் கலவை சாம்பலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், காயும்போது கறுத்துவிடும்.

கருவிகளுக்கு ஓவியக் கடைக்குப் போகாதீர்கள். பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் பிளேடு, கண்ணாடி துடைக்கும் ரப்பர் பட்டை, டைல்ஸ் ஒட்டுபவர்கள் பசை தீற்றும் பல்லுள்ள கரண்டி, ஒரு முரட்டு நைலான் பிரஷ். எல்லாம் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். சூலாஜும் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறவர்களின் அகல பிரஷ்களையும் தானே செய்துகொண்ட தகடுகளையும்தான் அதிகம் பயன்படுத்தினார், பெரிய கேன்வாஸைத் தரையில் படுக்கப்போட்டு வேலை செய்தார். நாமும் பலகையைத் தரையிலோ மேசையிலோ படுக்க வைத்துத்தான் செய்கிறோம், நிறுத்தினால் கலவை வழியும்.

கோட்டின் திசை

இந்த இடத்தில் மெதுவாகப் படியுங்கள். எனக்கும் இங்கேதான் நிறைய நேரம் பிடித்தது, என்னிடம் கேட்டுச் செய்து பார்த்தவர்களும் பெரும்பாலும் இங்கேதான் சிக்கினார்கள்.

எவர்சில்வர் பாத்திர மூடியைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள், மெல்லிய வட்டக் கீறல்களுக்குக் குறுக்கே ஒரு ஒளிக்கீற்று ஓடும், மூடியைத் திருப்பினாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும். அதே கதைதான் இங்கேயும். வெளிச்சம் கோட்டுக்குக் குறுக்கே விழுந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், அந்தப் பகுதி முழுக்க எழுந்து நிற்கும். கோட்டின் போக்கிலேயே வெளிச்சம் வந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும், அந்தப் பகுதி வெறும் கறுப்பாகக் கிடக்கும்.

இதை உங்கள் அறைக்குப் பொருத்திப் பாருங்கள். பகலில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருகிறதா, செங்குத்துக் கோடுகள் விழித்துக்கொள்ளும். இரவில் விளக்கு மேலே இருக்கிறதா, படுக்கைக் கோடுகள் விழித்துக்கொள்ளும். ஒரே பலகையில் இரண்டையும் வைத்தால் காலையில் ஒரு படம், ராத்திரி இன்னொரு படம். நடுவில் கோடே இல்லாமல் வழுவழுப்பாக ஒரு பட்டை விட்டால் அது அறையின் நிறத்தை வாங்கிக்கொள்ளும், வானம் தெரியும் ஜன்னலருகே நீலமாகக்கூடத் தெரியும்.

எனவே முதலில் அட்டையில் ஒத்திகை. ஒரு அட்டைத் துண்டில் செங்குத்து, படுக்கை, சாய்வு என்று மூன்று பட்டை இழுத்துக் காயவிடுங்கள். பிறகு அதை மாட்டப்போகும் இடத்திலேயே பிடித்து, அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் சுவரை உரசுவது போலக் காட்டிப் பாருங்கள். எது எப்போது எழுகிறது என்பது கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் கைவேலை.

இனி பலகைக்கு வருவோம். மேல் பாதி செங்குத்துக் கோடு, நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு வழுவழுப்பு, கீழே படுக்கைக் கோடு: முதல் முறைக்கு இந்த அமைப்பே போதும். ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மொத்தப் பலகையிலும் ஒரேயடியாகக் கலவையை அப்பாதீர்கள். அக்ரிலிக் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே தோல் கட்ட ஆரம்பிக்கும், வெயில் நாளில் இன்னும் சீக்கிரம். அந்தத் தோல் மேல் கரண்டியை இழுத்தால் பொருக்குப் பொருக்காகக் கிழியும். அதனால் ஒரு பகுதிக்கு மட்டும் அப்பி, பட்டி பிளேடால் மட்டம் செய்து, உடனே இழுத்து முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இழுப்பது ஒரே மூச்சில் இருக்கட்டும். கரண்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை, நிறுத்தாமல். நடுவில் நின்றால் நின்ற இடத்தில் ஒரு மேடு விழும். விழுந்தால் அதை விட்டுவிடுங்கள், பிரஷ்ஷை வைத்துத் தடவிச் சரிசெய்யப் போனால் கோடுகளின் விளிம்பு மழுங்கும், விளிம்பு மழுங்கினால் வெளிச்சம் நிற்காது. பல்லுள்ள கரண்டி தருவது சீரான கோடு, நைலான் பிரஷ் தருவது மெல்லிய, ஒழுங்கில்லாத கோடு. எனக்குப் பிரஷ் கோடுதான் பிடிக்கும், கரண்டிக் கோடு சில சமயம் ஷட்டர் கதவு மாதிரி ஆகிவிடுகிறது. வழுவழுப்புப் பட்டைக்கு ரப்பர். டேப்பை ஈரத்திலேயே உரித்துவிடுங்கள்.

காயவைக்கும்போது ஃபேனை நேராக வைக்காதீர்கள், மேல்பக்கம் அவசரமாகக் காய்ந்து கீறல் விழும். மறுநாள் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், உள்ளே இன்னும் ஈரம். ஒரு வாரம் படுக்க வைத்தே விடுங்கள். தண்ணீர் வற்ற வற்ற மேடுகள் கொஞ்சம் இறங்கும், அதை நினைத்து முதலிலேயே சற்றுத் தூக்கலாக இழுப்பது நல்லது.

இடையில் ஒன்று. கறுப்பு மட்டும்தான் சூலாஜுக்குத் தெரியும் என்று நினைப்பவர்கள் கோங்க் என்ற ஊரின் பழைய தேவாலயத்தைத் தேடிப் பாருங்கள். 1987-லிருந்து 1994 வரை அங்கே 104 ஜன்னல்களுக்குக் கண்ணாடி செய்தார். ஒரு துளி நிறம் கிடையாது. கண்ணாடிக்குள்ளேயே வெளிச்சம் சிதறும்படி, இடத்துக்கு இடம் ஊடுருவல் மாறும்படி செய்த வெள்ளைக் கண்ணாடி, அதன் மேல் கறுப்பு ஈயக் கோடுகள். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதற்குப் பதில் உள்ளே விடுகிறார், மற்றபடி கவலை ஒன்றுதான்.

படம் எடுக்க: ஃபிளாஷ் அணைத்துவிடுங்கள். போன் கறுப்பைப் பார்த்ததும் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டி எல்லாவற்றையும் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரைக் கைமுறையாகக் குறையுங்கள். வீடியோவாக எடுத்தபடி இடமிருந்து வலமாக நடந்தால் இன்னும் நல்லது.

பிறகு சேர்த்தவை

பலருக்கும் காய்ந்த பிறகும் சாம்பலாகவே இருக்கிறதாம். விசாரித்தால் ஜெல்லுக்குப் பதில் மாடலிங் பேஸ்ட் வாங்கியிருக்கிறார்கள். அதில் வெள்ளைப் பளிங்குத் தூள் இருக்கும், எவ்வளவு கறுப்பு போட்டாலும் வெளுக்கும். வாங்கியது வாங்கியாயிற்று என்றால் அதில் தடம் மட்டும் போட்டுக் காயவைத்து, மேலே கறுப்பைக் கோட்டின் போக்கிலேயே மெல்லியதாக அடியுங்கள், குறுக்கே அடித்தால் பிரஷ் தடம் தனியாகத் தெரியும்.

ஒருவர் பலகையை நியூஸ்பேப்பரில் சுற்றி ஊருக்கு எடுத்துப்போய், அங்கே பிரித்தபோது தலைப்புச் செய்தியோடு வந்ததாக எழுதியிருந்தார். அக்ரிலிக் அழுத்தத்திலும் சூட்டிலும் ஒட்டும், பபிள் ராப்பும் ஒட்டும். கேக் செய்ய அடியில் போடும் சிலிக்கான் பூசிய தாளை மேலே போட்டு, அப்புறம் சுற்றுங்கள். கோடுகளுக்குள் சேரும் தூசிக்கு ஈரத்துணி வேண்டாம், மிருதுவான உலர்ந்த பிரஷ்ஷால் கோட்டின் திசையிலேயே தட்டிவிட்டால் போய்விடும்.

பலகைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டவர்களுக்கு: சூலாஜ் தன் ஓவியங்களுக்குப் பெரும்பாலும் "ஓவியம்" என்ற சொல்லோடு அளவையும் தேதியையும்தான் பெயராக வைத்தார். பின்பக்கம் 30×40 செ.மீ. என்றும் இன்றைய தேதியையும் எழுதிவிடுங்கள். கூடவே எது மேல்பக்கம் என்று ஒரு அம்புக்குறியும் போட்டுவையுங்கள், தலைகீழாக மாட்டினால் பகல் பாதியும் இரவுப் பாதியும் இடம் மாறிவிடும்.