ஈயின் உடம்பில் புற்றுக்கட்டியை வளர்த்துப் பார்ப்பது எப்படி?

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பொடி ஈ மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறக்குறைய முக்கால்வாசிக்கு அதனிடம் இணை உண்டு. 25 டிகிரியில் முட்டை ஈயாகப் பத்தே நாள்.

2003-இல் பாக்லியாரினி, ஷூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்துகாட்டிய சோதனையை எடுத்துக்கொள்வோம். ராஸ் மரபணு ஓயாமல் முடுக்கப்பட்டால் செல்கள் பெருகும். ஆனால் இடம் விட்டு நகராது. ஸ்கிரிபிள் என்ற இன்னொரு மரபணு மட்டும் பழுதானால் அந்தச் செல்களை அக்கம்பக்கத்துச் செல்களே ஒழித்துவிடும். இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தால்தான் வினை: கட்டி வேறு இடங்களுக்கும் பரவும்.

படி 1. இரண்டு வகை ஈ தேவை. முதல் வகையில், புழுவின் கண் உருவாகும் இடத்தில் மட்டும் பழுதைத் தூண்டி, அந்தச் செல்களைப் பச்சையாக ஒளிரச் செய்யும் ஏற்பாடு இருக்கும். இரண்டாவதில் முடுக்கிய ராஸும் பழுதான ஸ்கிரிபிளும்.

படி 2. முதல் வகையில் கன்னி ஈக்களைப் பிரிக்க வேண்டும். பொறுமை வேண்டிய இடம் இதுதான். பெண் ஈ ஒருமுறை சேர்ந்துவிட்டால் விந்தைப் பல நாள் உள்ளே சேமித்துக்கொள்ளும். காலையில் குப்பியிலுள்ள எல்லா ஈக்களையும் வெளியேற்றிவிடுங்கள். எட்டு மணி நேரத்துக்குள் புதிதாக வெளிவந்த பெண்களை எடுங்கள். உடல் வெளுத்திருக்கும், வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு கரும்பொட்டு தெரியும். அது இருந்தால் நம்பி எடுக்கலாம். ஒரு தடவை அவசரத்தில் பொட்டைப் பார்க்காமல் ஒரே ஒரு ஈயைச் சேர்த்துவிட்டேன். இரண்டு வார உழைப்பு வீண்.

படி 3. பத்துக் கன்னிகளோடு இரண்டாம் வகை ஆண்கள் ஐந்து. ஈக்களை மயக்கித்தான் பிரித்திருப்போம்; மயக்கம் தெளியும்வரை குப்பியைப் படுக்கவையுங்கள். நிறுத்திவைத்தால் ஈக்கள் உணவில் ஒட்டிச் செத்துப்போகும்.

படி 4. சாதாரணப் புழுக்கள் ஐந்தாறு நாளில் கண்ணாடிச் சுவரில் ஏறிக் கூடு கட்டிவிடும். புற்றுக்கட்டி உள்ள புழுக்கள் கூடு கட்டாது, உணவிலேயே கிடந்து உப்பிக்கொண்டே போகும். குட்டையாகத் தடித்தவற்றை ஒதுக்குங்கள். பழுதான ஸ்கிரிபிளுக்குப் பதில், உடலைக் குட்டையாக்கும் அடையாள மரபணு வந்த புழுக்கள் அவை. நீண்டதொன்றைத் தண்ணீரில் கழுவி ஒளிர்வு நுண்ணோக்கியின் கீழ் வையுங்கள். தோலை அறுக்காமலே தலைப்பக்கம் பச்சைக் கட்டி தெரியும்.

படி 5. இப்போது அறுத்து, வயிற்றுப்புற நரம்பு வடத்தைப் பாருங்கள். கண்ணோடு சம்பந்தமே இல்லாத அந்த இடத்திலும் பச்சை தெரிந்தால் கட்டி பரவியிருக்கிறது. பக்கத்திலேயே ராஸ் மட்டும் முடுக்கிய புழு ஒன்றையும் வைத்துப் பாருங்கள்: தலையில் பச்சை இருக்கும், வடத்தில் இருக்காது.