விசேஷத்துக்கு முன்னால் முடி பளபளக்க: உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கான செய்முறை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று ராமநாதபுரம் கரையில் எங்கே குடியிருந்தாலும், முடி பறட்டையாகி வெளிறிப் போவதற்கு முதல் காரணம் தண்ணீர்தான். எண்ணெய் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பூசினால், உப்புப் படிந்த முடி பிசுபிசுக்குமே தவிர மினுங்காது. அதனால் இந்தச் செய்முறையில் எண்ணெய் குறைவு, நல்ல தண்ணீர் அதிகம். கடைசிக் குளியலுக்கு அரைக் குடம் நல்ல தண்ணீர் ஒதுக்கி வைத்தால் போதும்.

கல்யாணம், நிக்காஹ், காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். முந்தின நாள்தான் நேரம் கிடைக்கிறது என்றால் நேரே படி 3-க்குப் போய்விடலாம்.

எந்த உப்பு என்று முதலில் பாருங்கள்

குளியலறை வாளியின் விளிம்பிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதன் மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். சின்னச் சின்னக் குமிழ் விட்டுப் பொரிந்து கரைந்தால் அது சுண்ணாம்பு வகை, அதாவது கால்சியமும் மக்னீசியமும். வெறும் நல்ல தண்ணீர் பட்டாலே கரைந்துவிட்டால் அது கறியுப்பு. கடலோர போர் தண்ணீரில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். கறியுப்பை நல்ல தண்ணீரால் அலசிவிடலாம். சுண்ணாம்பு அதற்கு அசையாது, புளிப்பு வேண்டும். பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, ‘கேன் தண்ணியில் குளித்தும் முடி அப்படியேதானே இருக்கிறது’ என்று விட்டுவிடுகிறார்கள்.

முடியின் மேற்பரப்பு மீன் செதில் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்த அடுக்கு. செதில் படிந்து கிடந்தால் வெளிச்சம் ஒரே சீராகத் திரும்பும், முடி மினுங்கும். சுண்ணாம்பு ஏறினால் பரப்பு சொரசொரப்பாகி வெளிச்சம் சிதறும். உதிர்ந்த முடி ஒன்றை விரல் நுனியில் பிடித்து, நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக உருவிப் பாருங்கள். இந்தத் திசையில் லேசாக உரசுவது இயல்பு. வேரிலிருந்து நுனிக்கு உருவும்போதும் அதே சொரசொரப்பு இருந்தால் படிவு இருக்கிறது.

படி 1: ஒரு வாரம் முன், படிவை இறக்குவது

பிளந்த நுனியை அரை அங்குலம் வெட்டிவிடுங்கள். பிளந்ததை ஒட்ட வைக்கும் பொருள் எதுவும் கிடையாது.

1 லிட்டர் நல்ல தண்ணீரில் 2 மேசைக்கரண்டி (30 மி.லி.) சமையல் வினிகர் கலந்து, நனைத்த முடியில் ஊற்றி 5 நிமிடம் விடுங்கள். அதன் பிறகு ஷாம்பூ. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரே போதும். ஆப்பிள் வினிகருக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை, வேலை செய்வது இரண்டிலும் இருக்கும் அசிட்டிக் அமிலம்தான். லேபிளில் 4 அல்லது 5 சதவீதம் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடர் அசிட்டிக் அமிலம் என்று தனியாக விற்பதைத் தலைக்கருகே கொண்டு வரவே கூடாது, தோல் வெந்துவிடும். தலையில் புண்ணோ சிரங்கோ இருந்தால் அது ஆறும் வரை வினிகர் வேண்டாம்.

எலுமிச்சம்பழம் இதற்கு வேண்டாம். ஒவ்வொரு பழத்திலும் புளிப்பு மாறும், சக்கை முடியில் சிக்கும். அதைவிட முக்கியம், சாறு பட்ட நெற்றியும் கழுத்தும் வெயிலில் கருத்து, சில பேருக்குக் கொப்புளமே வரும். விசேஷ வாரத்தில் அந்த வினை எதற்கு?

மருதாணியோ சாயமோ போடுவதாக இருந்தால், இந்தக் குளியல் முடிந்து இரண்டு நாள் கழித்துப் போடுங்கள். படிவு இருக்கும் முடியில் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ‘கருப்பு மருதாணி’ பாக்கெட்டுகள் பலவற்றில் பிபிடி என்ற சாயப்பொருள் இருக்கும். முழங்கை மடிப்பில் தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் போக வேண்டும்.

படி 2: மூன்று நாள் முன், எண்ணெயும் தாளியும்

தேங்காய் எண்ணெய்தான் என் தேர்வு. அது முடிக்குள் இறங்கும், குளிக்கும்போது முடி தண்ணீர் குடித்து உப்புவதைக் குறைக்கும். இடுப்பு வரை முடிக்கு 2 தேக்கரண்டி போதும். நடுவிலிருந்து நுனி வரை தடவி, இரவு முழுக்க அல்லது குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். விளக்கெண்ணெய் இந்த வாரத்துக்கு ஆகாது. அதை இறக்க இரண்டு மூன்று முறை ஷாம்பூ போட வேண்டி வரும், முடி மறுபடி வறளும்.

காலையில் அலசிவிட்டு செம்பருத்தி இலைத் தாளி, அதாவது இலையைக் கசக்கி எடுக்கும் வழுவழுப்பான சாறு. 20 இலையை நல்ல தண்ணீரில் கையால் கசக்கி, வழுவழுப்பு இறங்கியதும் துணியில் வடிகட்டுங்கள். 15 நிமிடம் ஊறினால் போதும். வெந்தயம் என்றால் 2 மேசைக்கரண்டி இரவே ஊறவைத்து மையாக அரைத்து, இதையும் துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டாத வெந்தயத் திப்பி மூன்று நாளானாலும் பின்னலுக்குள்ளிருந்து உதிரும்.

படி 3: முந்தின நாள் குளியல்

பெரும்பாலும் சொதப்புவது இந்த இடத்தில்தான். விசேஷத்தன்று விடிகாலையில் தலைக்கு ஊற்றி, ஈரத்தோடு பின்னிக்கொண்டு ஓடினால் உள்முடி மதியம் வரை காயாது. மேலே வறண்டு, உள்ளே ஈர வாடை அடிக்கும். முக்காடு போடுபவர்களுக்கு இது இன்னும் மோசம். முந்தின நாள் மதியமே குளித்துவிடுங்கள்.

குளியல் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, வெள்ளைக் கசடாக முடியில் ஒட்டும். அதன் மேல் வினிகர் ஊற்றினால் கொழுப்பாகப் பிரிந்து இன்னும் பிசுக்காகும். சீயக்காய் போடலாம். ஆனால் வறண்ட முடிக்கு அதன் தூள் உரசலைக் கூட்டும், வடிகட்டிய சீயக்காய்த் தண்ணீர்தான் சரி.

ஷாம்பூவை நேரே தலையில் ஊற்றாமல், அரை மக் நல்ல தண்ணீரில் கலக்கி ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரில் நுரை வராததால்தான் கை தாராளமாக ஊற்றுகிறது, அதுவே பாதி வறட்சிக்குக் காரணம். தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும், வழிந்து இறங்கும் நுரையே நுனியைச் சுத்தம் செய்யும். இதை அலசுவதற்கு மட்டும் போர் தண்ணீரைப் பயன்படுத்தலாம்.

அடுத்து வினிகர் நீர். இப்போது அளவு பாதிதான்: 1 லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி. இதைக் கண்டிப்பாக நல்ல தண்ணீரில்தான் கலக்க வேண்டும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அந்த ஒரு கரண்டி வினிகரின் புளிப்பில் கணிசமான பங்கைத் தானே தின்றுவிடும். முடிக்கு வந்து சேரும்போது அதில் வினிகர் வாடை இருக்கும், வேலை குறைந்துவிடும். ‘வினிகர் ஊற்றியும் பலனில்லை’ என்பவர்கள் பெரும்பாலும் எதில் கலந்தார்கள் என்று கேட்டால் விஷயம் புரிந்துவிடும்.

முடியை முன்பக்கம் தொங்கவிட்டு, மக்கிலிருந்து மெதுவாக ஊற்றி, கீழே ஒரு அகலமான சட்டியில் பிடித்து அதையே மறுபடி ஊற்றுங்கள். 2 நிமிடம் போதும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பிழிந்துவிட்டுக் கண்டிஷனர். சொட்டச் சொட்ட இருக்கும் முடியில் அது நிற்காமல் வழிந்துவிடும். காதுக்குக் கீழே மட்டும் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். 3 நிமிடம் கழித்து 4 முதல் 5 லிட்டர் நல்ல தண்ணீரில் அலசுங்கள். முடியைத் தொடும் கடைசித் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். கால் கழுவப் பிடித்த போர் தண்ணீர் மக் தவறித் தலையில் பட்டால்கூட, அது காயும்போது அந்த இடத்தில் மறுபடி வெள்ளை பூக்கும்.

படி 4: காயவைப்பது

துண்டால் முடியை அடித்துத் தட்டுவதை விட்டுவிடுங்கள், முடி உடைவது அங்கேதான். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி ஒற்றி எடுங்கள். மாடிக்குப் போகாதீர்கள். கடற்காற்றில் வரும் உப்பு ஈர முடியில் உடனே ஒட்டும், பிறகு காற்றின் ஈரத்தையும் இழுத்துப் பிசுபிசுக்க வைக்கும். அறைக்குள் மின்விசிறிக் காற்றே நல்லது.

டிரையர் கட்டாயம் வேண்டும் என்றால் மிதமான சூடு, ஒரு சாண் தூரம், வாய் வேரிலிருந்து நுனிப் பக்கம் பார்க்க வேண்டும். எதிர்த்திசையில் அடித்தால் செதில் எழும்பிவிடும். ஸ்ட்ரெயிட்னர் வைப்பதானால் முடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ‘சுர்’ என்று சத்தம் வந்தால் உள்ளிருக்கும் ஈரம் கொதித்து முடியை உடைக்கிறது என்று அர்த்தம்.

படி 5: விசேஷத்தன்று

எண்ணெய்க்குப் பதில் சீரம். வெளியில் எண்ணெய் புழுதியைப் பிடிக்கும், சிலிகோன் சீரம் அவ்வளவாகப் பிடிக்காது. பட்டாணி அளவு எடுத்து, இரு உள்ளங்கையிலும் பரப்பி, நுனியில் தொடங்கி மேலே வாருங்கள். சாம்பிராணிப் புகை பிடிப்பதானால் முந்தின நாள் குளியலுக்கு முன் பிடித்துவிடுங்கள், பிறகு பிடித்தால் பிசின் படிந்து மினுக்கம் மங்கும். பூவைச் சூடுமுன் தண்ணீரை உதறிவிடுங்கள்.

பாம்பன் பாலத்தைக் கடந்து விசேஷத்துக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையைத் தவிருங்கள். முடியாவிட்டால், ஆடிக் காற்றுக் காலத்திலாவது வழுவழுப்பான துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு, இறங்கிய பிறகு பூ வையுங்கள்.

பின்சேர்க்கை: திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை

விசேஷத்துக்கு வரும் சொந்தங்களோடு ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடப் போக வேண்டியிருக்கிறதா? அக்னி தீர்த்தத்தில் இறங்குவதற்கு முன் முடியை நல்ல தண்ணீரில் நனைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, இறுகப் பின்னிவிடுங்கள். முன்பே தண்ணீர் குடித்த முடி கடல் நீரைக் குறைவாகத்தான் இழுக்கும். கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடும்போது கடலுப்பு பெரும்பாலும் இறங்கிவிடும். அதோடு விட்டுவிடாமல் அன்று மாலையே படி 3-ஐச் செய்யுங்கள்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் அதையே நல்ல தண்ணீராகக் கொள்ளலாம். அதற்காகக் கேன் வாங்க வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் மாதக்கணக்கில் முடி வறண்டு கொத்தாக உதிர்ந்தால், கூடவே அசதியும் இருந்தால், தைராய்டும் ரத்தச் சோகையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு வினிகர் மருந்தாகாது.